டிராப் சி-யில் 'டென் தௌசண்ட் ஃபிஸ்ட்ஸ்': ஒரு வழியாக நட் படிந்தது

என் கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. சி சுரத்தில் நிறுத்தினால் சி-யிலேயே நிற்கிறது. ஒரு பாட்டு முழுக்க வெளுத்து வாங்கிவிட்டு டியூனரைப் பார்த்தாலும் முள் நடுவிலேயே இருக்கிறது. இதற்காக நட்டோடு (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சின்னக் கட்டை) பட்ட பாட்டை எழுதாமல் விட மனசு வரவில்லை. கிட்டார் வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத எங்கள் வேலூர் மாதிரி ஊரில் டிராப் டியூனிங், அதாவது தடித்த கம்பியை வழக்கத்தைவிடத் தாழ்த்தி வாசிக்கிறவர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று கட்டாயம் உதவும்.

காட்பாடி, சத்துவாச்சாரி, தொரப்பாடி என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கும் நாங்கள் சேர்ந்து, அமெரிக்க மெட்டல் குழுவான டிஸ்டர்ப்டின் 'டென் தௌசண்ட் ஃபிஸ்ட்ஸ்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாக வாசித்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். 2005 செப்டம்பரில் வந்தது, மொத்தம் 14 பாட்டு. வந்த வாரமே அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம். அதனாலேயே, 'இது ரேடியோ மெட்டல், இதில் என்ன இருக்கிறது' என்று ஒதுக்கும் நண்பர்கள் எங்களுக்கு உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2000-இல் வந்த முதல் ஆல்பத்தையும் 2002-இல் வந்த 'பிலீவ்' ஆல்பத்தையும் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். முதல் இரண்டிலும் சோலோ என்று தேடித்தான் பார்க்க வேண்டும். இதிலோ டேன் டோனகன் பாட்டுக்குப் பாட்டு சோலோ வாசிக்கிறார். கிட்டார் முன்னால் வந்து நிற்கிறது. ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் என்று பழைய ஹெவி மெட்டலில் ஊறியவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிற கட்டமைப்பு. அதே நேரம் டேவிட் டிரேமன் வார்த்தைகளை வெட்டி வெட்டிப் பாடும் பாணி அப்படியே இருக்கிறது. தயாரிப்பாளரும் அதே ஜானி கே தான். பாஸ் மட்டும் புதுக் கை, ஜான் மோயர். பெரும்பாலும் அதே ஆட்கள், ஆனால் பாட்டின் எடையே வேறு. அந்த எடை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குக் கேள்வி.

வாசித்துப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்த பதில்: டிஸ்டார்ஷனில் இல்லை, நிறுத்தத்தில் இருக்கிறது. ரிஃப்பில் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) இரண்டு அடிக்கு நடுவே கம்பி சுத்தமாக வாயை மூட வேண்டும். மைக் வெங்ரெனின் கிக் டிரம் விழும் இடத்தில் கிட்டாரும் விழ வேண்டும், அவர் விட்ட இடத்தில் கிட்டாரும் விட வேண்டும். 'ஸ்ட்ரிக்கன்' ரிஃப்பைப் பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள், நான் சொல்வது புரியும். தளர்ந்துபோன கம்பியை வைத்துக்கொண்டு அந்த நிறுத்தத்தைக் கொண்டுவரவே முடியாது. அதனால்தான் நான் போய் நட்டில் நின்றேன்.

டிராப் சி நாங்களாக எடுத்த முடிவு, எங்கள் பாடகனின் தொண்டைக்கு அதுதான் வாகு. கணக்கு இப்படி: ஆறாவது கம்பி வழக்கமாக ஈ-யில் 82.4 ஹெர்ட்ஸ். சி என்றால் 65.4. கம்பி அதேதான் என்றால் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். அதாவது ஏறக்குறைய 37 சதவீதம் போய்விடும். 46 கேஜ் (0.046 அங்குலத் தடிமன்) கம்பியை அப்படியே இறக்கினால் துணி காயப்போடத்தான் ஆகும். பழைய இழுவிசை திரும்ப வேண்டுமானால் 58-க்குப் பக்கத்தில் போக வேண்டும். நான் மெல்லியது 12, தடித்தது 56 என்று வரும் 12-56 செட்டுக்குப் போனேன். கைக்குச் சரியாக இருக்கிறது.

சரி, கம்பி வந்தது, மாட்டியாகிவிட்டது, டியூன் செய்தால் 'டிங்க்' என்று நட்டில் ஒரு சத்தம். இந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். 46-க்கு வெட்டிய பள்ளத்தில் 56 உட்காராது, விளிம்பில் சிக்கிக்கொண்டு நிற்கும். டியூனிங் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் திடீரென்று வழுக்கி அரை சுரம் தாண்டிப் போகும். உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கியபடி ஓங்கி ஒரு பாம் மியூட் அடித்தால் மறுபடி நகரும். பள்ளத்தின் மேலேயே கம்பி நிற்பதால் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விரல் வைத்தாலே சுரம் ஏறிவிடும். உடல் பக்கம் கம்பி உட்காரும் பிரிட்ஜில் இன்டோனேஷன் (ஃப்ரெட்டுகளில் சுரம் பிசகாமல் விழுவது) எவ்வளவு திருத்தினாலும் இது போகாது, ஏனென்றால் கோளாறு இருப்பது மறுமுனையில்.

பள்ளத்தை அகலப்படுத்தும் அரங்கள், அதாவது நட் ஃபைல் செட், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கிட்டார் விலையில் பாதி ஆகும். அதற்கு மாற்று, கேஸ் வெல்டிங் நாசில் அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்கும் டிப் கிளீனர். வெவ்வேறு தடிமனில் உருண்டையான, சொரசொரப்பான கம்பிகள், ஒரு சின்னத் தகர உறையில் மடக்கி வைத்திருக்கும். லாங் பஜார் பக்கம் வெல்டிங் சாமான் கடையில் கேட்டேன். கடைக்காரர், 'இன்னா தம்பி, டார்ச்சு எது, சொல்லு' என்றார். 'டார்ச்சு இல்லண்ணே, கிட்டாருக்கு' என்றதும் உறையைப் பிரித்து, ஒவ்வொரு கம்பியையும் வெளிச்சத்தில் பிடித்து, வளையாததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கையில் வெர்னியர் காலிப்பர் இருந்தது, அவரே அளந்தும் சொன்னார். 56 கேஜ் என்றால் 1.42 மில்லிமீட்டர். பள்ளம் அதைவிட ஒரு மயிரிழை அகலமாக, 1.5-க்குள் இருந்தால் போதும்.

இனி வேலை. இதில்தான் பொறுமை வேண்டும். முதலில் டிப் கிளீனரில் மெல்லிய கம்பி, அப்புறம் அதற்கு அடுத்த தடிமன் என்று ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் தடித்ததை வைத்து இழுத்தால் பிளாஸ்டிக் நட்டின் ஓரம் பெயர்ந்துவிடும். நாலைந்து இழுப்பு, தூளை ஊதித் தள்ளு, ஸ்ட்ரிங்கை உட்கார வை, டியூன் பண்ணு, பார். மறுபடி தளர்த்து, மறுபடி இழு. தூளைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் துடைத்தால் மூலையில் ஒட்டியிருப்பதும் வந்துவிடும். முகத்தில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

ஆழத்துக்கு ஒரு சோதனை: மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் தட்டிப் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு சன்ன இடைவெளி தெரிய வேண்டும். 'டிக்' என்று லேசாகத் தட்டும் சத்தம் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இடைவெளியே இல்லையென்றால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். கண் மதிப்பை நம்பாமல், டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வால்வு இடைவெளி பார்க்கும் அதே தகடு. எல்லாவற்றுக்கும் முன்னால் நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைத் திருத்தி நெக்கை நேர் செய்துவிட வேண்டும். கனமான கம்பி செட் இழுக்கும் இழுப்பே வேறு. நெக் வளைந்திருக்கும்போது அளந்த அளவு எதற்கும் ஆகாது.

அகலம், ஆழம் இரண்டும் சரியான பிறகும் என் கிட்டாரில் ஒரு ரீங்காரம் பாக்கி இருந்தது. தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே நூல் வைத்து வரவழைப்பார்களே, கிட்டத்தட்ட அதே ஒலி. காரணமும் அதே வகைதான், அதிரும் கம்பி ஒரு பரப்பை மெல்லத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்புராவுக்கு அது உயிர், டிராப் சி ரிஃப்புக்கு அது நஞ்சு. பள்ளத்தின் அடி, ஃப்ரெட்போர்டு பக்கம் உயர்ந்தும், சாவிகள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் தாழ்ந்தும் சரிய வேண்டும். கம்பி கடைசியாகத் தொடும் புள்ளி ஃப்ரெட்போர்டை ஒட்டிய விளிம்பாகவே இருக்க வேண்டும். அங்கே சமதளமாகவோ பின்பக்கம் மேடாகவோ இருந்தால் இந்த ரீங்காரம்தான். டிப் கிளீனரைப் பின்பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்து, முன்விளிம்பைத் தொடாமல் இழுக்க வேண்டும். இரண்டே இழுப்பில் ரீங்காரம் போன கணத்தை என்னால் மறக்க முடியாது. அதற்குப் பிறகு பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்து கிராஃபைட் தூளை விட்டேன். கம்பி வழுக்கிக்கொண்டு போகிறது, 'டிங்க்' என்ற பேச்சே இல்லை.

இன்னொரு சங்கதி. நட்டுக்கு அப்பால், சாவிகளுக்கு முன்னால் இருக்கும் கம்பித் துண்டுகளும் அதிரும். கெயின் (ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் அளவு) ஏற்றியிருக்கும்போது ரிஃப்பை நிறுத்தினால் அங்கிருந்து கீச்சென்று ஒரு எச்சம் கேட்கும். சிலர் ஃபோம் வைப்பார்கள், சிலர் தலைமுடி ரப்பர் பேண்டு போடுவார்கள். நம் ஊரில் தோலுக்குப் பஞ்சமா? மேல்விஷாரத்தில் ஷூ மேல்பாகம் தைக்கும் யூனிட்டில் வேலை செய்யும் நண்பன் கொடுத்த மெல்லிய வெட்டுத் துண்டை, விரலகலத்துக்கு நறுக்கி, கம்பிகளுக்கு மேலும் கீழுமாக மாற்றி மாற்றி நுழைத்தேன். நிறுத்தம் கத்தரித்த மாதிரி வருகிறது. ஃபோமைவிட இது பத்து மடங்கு மேல். வெயிலில் பொடிந்து போகாது, கம்பியில் ஒட்டாது. அவனிடமே உள்பக்கம் ஸ்வேட் (சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியும் தோல்) இருக்கும்படி ஒரு கிட்டார் ஸ்ட்ராப்பும் கேட்டிருக்கிறேன். வழவழப்பான நைலான் ஸ்ட்ராப்பில் கிட்டார் தலை கீழே சாய்ந்துகொண்டே இருக்கிறது. ஸ்வேட் என்றால் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இருப்பவர்கள் யாராவது இதைத் தொழிலாகவே செய்யலாம். வெளியூரில் சாதாரணத் தோல் ஸ்ட்ராப்புக்குச் சொல்லும் விலையைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது.

கம்பி வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். 12-56 செட் இங்கே கடைகளில் வைப்பதில்லை, 9-42, 10-46 தான். ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய செட்டில் மூன்றாவது கம்பி உறைக்குள்ளேயே துருவேறி வந்தது. திருப்பி அனுப்பக் கேட்டால், உறையைப் பிரித்துவிட்டீர்கள் என்று பதில். பிரிக்காமல் துருவை எப்படிப் பார்ப்பது? இப்போது யாராவது காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனால் அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் விசாரிக்கச் சொல்லி, இருந்தால் இரண்டு மூன்று செட் சேர்த்தே வாங்கிவரச் சொல்கிறேன்.

பதிவுக்கு வருவோம். ரிதம் கிட்டாரை இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று தனித்தனியாக இரண்டு தடவை வாசிக்கிறேன். ஒன்றையே நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது. கெயினை நீங்கள் நினைப்பதைவிடக் குறையுங்கள். தனியாகக் கேட்கும்போது சப்பென்று இருக்கும். இரண்டு டிராக்கும் பாஸும் சேர்ந்த பிறகு பாருங்கள், சுவர் மாதிரி நிற்கும். கெயின் கூடினால் பாம் மியூட் எல்லாம் கஞ்சியாகி, கிக் டிரம்மோடு பூட்டு விழாது. ஆம்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர், பதிவுக்கு ரீப்பர், இரண்டும் கம்ப்யூட்டர் மென்பொருள். வாசிக்காதபோது வரும் இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் கொஞ்சமாகப் போட்டிருக்கிறேன், நிறுத்தத்தைக் கைதான் செய்ய வேண்டும்.

நாய்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, கத்திரி வெயில் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் மாடி ரூமில் ஹம் (ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்' என்ற இரைச்சல்) கூடிக்கொண்டே போனது. கேபிளை மாற்றினோம், பிக்கப் குழிக்குள் காப்பர் டேப் ஒட்டினோம், அசையவில்லை. டிரம்மரின் அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்தவர், 'ஏம்பா, எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தி எவ்ளோ நாளாச்சு?' என்றார். மண் காய்ந்து வெடித்திருந்தது. காய்ந்த மண்ணில் எர்த்தின் தடை ஏறிவிடும். சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து ஆம்பை ஆன் செய்தால் ஹம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. பாலாற்றையே மணலாகப் பார்த்துப் பழகிய ஊர் இது. கோடையில் பதிவு செய்கிறவர்கள் முதலில் எர்த் குழியைப் பாருங்கள்.

முடிந்தவை: தலைப்புப் பாட்டின் ரிதம், 'ஜஸ்ட் ஸ்டாப்', 'கார்டட்'. 'ஸ்ட்ரிக்கன்' ரிதம் பாதியில் நிற்கிறது, சோலோவை இன்னும் தொடவில்லை. அதற்குள் மனசு 'லேண்ட் ஆஃப் கன்ஃப்யூஷன்' பக்கம் ஓடிவிட்டது. ஜெனிசிஸ் குழு 1986-இல் கீபோர்டும் டிரம்மும் முன்னால் நிற்கச் செய்த பாட்டை இவர்கள் ரிஃப்பாக மாற்றிய விதம் அருமையான பாடம். மூலத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டு, கீபோர்டின் எந்த அடியைக் கிட்டார் எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்று குறித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் டிரம்மரோ 'ஓவர்பர்டன்ட்' பாட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்கிறான். கிட்டத்தட்ட 6 நிமிடம், மெதுவான பாட்டு, நிறுத்தம் பிசகினால் மறைக்க இடமே கிடையாது. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நட்டைப் பொறுத்தவரை இந்த பிளாஸ்டிக் எத்தனை காலம் தாங்கும் என்பது சந்தேகம்தான். சுற்றுக்கம்பியின் வரிகள் மெல்ல மெல்ல அறுக்கும். அடுத்தது எலும்பு நட். வெறும் கட்டையாக வாங்கி, ஆறு பள்ளமும் நானே வெட்டப்போகிறேன். தடித்த மூன்று கம்பிகளுக்கு டிப் கிளீனர் போதும். முதல் கம்பி 12 கேஜ், அதாவது 0.3 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய டிப் கிளீனர் எலும்பில் வளைந்துகொள்ளும் என்று தோன்றுகிறது. நகை வேலை செய்கிறவர்களின் ரம்பப் பிளேடில் நம்பர் பார்த்து எடுத்தால் சரிவரலாம். எலும்பில் அதை வைத்துப் பள்ளம் வெட்டியவர்கள் இருந்தால் எந்த நம்பர் பிளேடு என்று சொல்லுங்கள், இந்த வாரம் நகைப் பட்டறை சாமான் கடைக்குப் போகிறேன்.