அம்மாவின் கழுத்து: சில நாட்குறிப்புகள்

ஜனவரி 8, 2024

மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதத்தோடு இருபது ஆண்டுகளாக வாழும் அம்மா, சில மாதங்களாக ரவிக்கைக் கொக்கியைப் போட முடியாமல் திணறுவதை விரல் மூட்டுகளின் குற்றம் என்றே நினைத்திருந்தோம். குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது என்று அவர் போகிறபோக்கில் சொன்னதை மூட்டு மருத்துவர் விடவில்லை. தலையைக் குனியவைத்து எடுத்த எக்ஸ்ரேயில், முதல் கழுத்தெலும்பின் வளையத்துக்கும் இரண்டாம் எலும்பின் பல் போன்ற முனைக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தது. பெரியவர்களுக்கு அது 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதாம். எம்.ஆர்.ஐ. சொன்னது அதைவிடக் கவலை தருவது: அந்த முனை மேலேறி, மண்டையோட்டின் அடித்துளைக்குள் புகுந்து தண்டுவடத்தை அழுத்துகிறது.

ஜனவரி 19

முதல் இரண்டு எலும்புகளை மட்டும் திருகாணிகளால் பிணைக்கும் முறையை மும்பையின் நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல் 1994-இல் வெளியிட்டார் என்றும், அம்மாவின் முதல் எலும்பு நோயால் அரிக்கப்பட்டுவிட்டதால் மண்டையின் பின்புறத்தில் தகடு பதித்து, அங்கிருந்து கழுத்தெலும்புகள்வரை டைட்டானியக் கம்பிகளால் இணைக்க வேண்டும் என்றும் அறுவை மருத்துவர் விளக்கினார். ‘ஆமாம்’ என்று தலையாட்டுவது பெரிதும் மண்டைக்கும் முதல் எலும்புக்கும் இடையிலும், ‘இல்லை’ என்று திருப்புவதில் ஏறக்குறையப் பாதி அடுத்த மூட்டிலும் நடக்கிறது, இரண்டும் போய்விடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, “உக்காந்து அரிசி புடைச்சா முறம் தெரியுமா டாக்டர்?” என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. மருத்துவரோ, முக்கியமான கேள்வியே அதுதான் என்றார். தலையை எந்தக் கோணத்தில் இறுக்குகிறார்களோ அதுவே நிலைத்துவிடும். மோவாய் அதிகம் தாழ்ந்தால் தொண்டை நெருக்கப்பட்டு விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம், நிமிர்ந்துவிட்டால் படியிறங்கும்போது பாதம் தெரியாது. ஆகவே நேர்ப்பார்வைதான், முறத்தை உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 6

கழுத்தை வளைக்கக் கூடாது என்பதால், அம்மா விழித்திருக்கும்போதே கேமரா பொருத்திய மெல்லிய குழாயின் துணையோடு மூச்சுக்குழாயைச் செலுத்தினார்களாம். குப்புறப் படுக்கவைத்து, இறுக்குவதற்குமுன் எக்ஸ்ரேயில் கோணத்தைச் சரிபார்த்து, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டுகளை நடுவில் வைத்திருக்கிறார்கள். அந்த எலும்பு ஒட்டி வளரும்வரை தாங்குவதற்குத்தான் உலோகமெல்லாம்.

பிப்ரவரி 9

கஞ்சி தடையில்லாமல் இறங்கியது. இடுப்பு வலிதான் கழுத்தைவிட மோசமாம்.

மே 14

எலும்பு ஒட்டத் தொடங்கியிருப்பதை சி.டி. ஸ்கேன் காட்டுகிறது, கழுத்துப்பட்டையைக் கழற்றியாயிற்று. யாராவது கூப்பிட்டால் அம்மா உடம்போடு திரும்புகிறார். மின்சாரம் பாய்வது நின்றுவிட்டது. கொக்கியை இன்றும் நான்தான் மாட்டிவிட்டேன். மீதி இருப்பது உண்மையிலேயே விரல் மூட்டுகளின் குற்றம்தான். முறம் இப்போது சாப்பாட்டு மேசையின் மேல், இரண்டு தலையணைகளின் உயரத்தில் இருக்கிறது.