மாத்திரைதான் இருக்கிறதே

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். அங்கே கோன் கேன் நகரத்தில் ஓர் ஒட்டுண்ணி ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் போகும் குழாய்தான் பித்தநாளம். உலகிலேயே அதில் புற்றுநோய் மிக அதிகமாகப் பதிவாகியிருக்கும் இடங்களில் கோன் கேன் மாகாணமும் ஒன்று. ஒபிஸ்தார்க்கிஸ் விவெரினி என்ற ஈரல் தட்டைப்புழுதான் முக்கியக் காரணம். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, இலை போல மெலிதாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சிகரெட் புகை இருக்கும் அதே பிரிவு.

எனக்குத் தந்த வேலை, மலச் சாம்பிளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புழு முட்டைகளை எண்ணுவது. முட்டை 30 மைக்ரானுக்கும் குறைவு. மூடி போட்ட செம்பு மாதிரி, மூடி உட்காரும் இடத்தில் தோள் தூக்கியிருக்கும். கண் பழகிவிட்டால் தெரியும். ஆனால் அதே ஊர்களில் சிறுகுடலில் வாழும் ஹாப்லோர்க்கிஸ் என்ற இன்னொரு புழுவும் உண்டு. அதன் முட்டையும் ஏறக்குறைய இதே அச்சு. ஈரலில் இருப்பதா, குடலில் இருப்பதா என்று பக்கத்து மேசைக்காரரோடு வாதாடிக் கழிந்த மதியங்கள் பல. புழுக்கள் குறைவாக இருப்பவரின் சாம்பிளில் முட்டை கண்ணில் படாமலே போகும். சிறுநீரிலேயே புழுவின் புரதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை பிறகு வந்தது. சாம்பிள் டப்பாவை நீட்டினாலே முகம் சுளிக்கும் கிராமத்தாருக்கு அது பெரிய நிம்மதி, எங்களுக்கும்தான்.

புழு உள்ளே போகும் வழி சாப்பாட்டுத் தட்டு. மலத்தோடு தண்ணீரில் சேரும் முட்டையை பித்தினியா என்ற சிறு நன்னீர் நத்தை தின்னும். நத்தையிலிருந்து நீந்தி வரும் குஞ்சுப்புழு கெண்டை இன மீன்களின் சதையில் புகுந்து, கூடு கட்டிக் காத்திருக்கும். வயலிலும் ஏரியிலும் பிடித்த அந்த மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், வறுத்த அரிசிப் பொடி, கீரை எல்லாம் போட்டுப் பிசைந்தால் கொய் பிளா. ஒட்டும் அரிசிச் சோற்றை உருட்டித் தொட்டுக்கொள்வார்கள். நடவு, அறுப்பு, வீட்டு விசேஷம் எதுவானாலும் ஆண்கள் கூடுமிடத்தில் அது இருக்கும். எலுமிச்சைச் சாற்றில் சதை வெளுத்து, வெந்தது போலத் தெரியும். புழு சாவதில்லை. சில நாள் மட்டும் புளிக்கவைக்கும் பிளா சோமிலும் உயிரோடு இருக்கும்.

எங்கள் குழுவோடு கிராமங்களுக்குப் போகும்போது, 'ஓ சோ மோ' என்று அழைக்கப்படும் ஊர் சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாக அழைத்துப் போவார்கள். மருந்து பிராசிகுவான்டெல். உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே வேளை. 60 கிலோ ஆளுக்கு 600 மில்லிகிராம் மாத்திரை 4. விழுங்கியதும் தலை சுற்றும். ஆனால் புழு செத்துவிடும். மாத்திரையை வாங்கிக்கொண்ட ஒரு பெரியவர் சிரித்தபடி சொன்னார்: "பிள்ளே, இதுதான் இருக்கிறதே! அறுப்பு முடிந்ததும் கொய் தின்போம். அடுத்த வருஷம் நீங்களும் வருவீர்கள்."

இந்தப் பேச்சை ஊர் ஊராகக் கேட்டேன். அந்த வேலையில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். இவ்வளவு சுலபமான மருந்து இல்லாமலிருந்தால் பயமாவது மிஞ்சியிருக்குமோ என்றுகூடத் தோன்றியிருக்கிறது. ஒருமுறை வந்து போனதால் உடலுக்கு எதிர்ப்பு வந்துவிடாது. திரும்பத் தின்றால் திரும்ப வரும். புழு பித்தநாளச் சுவரை உறிஞ்சிகளால் கவ்வி, செல்களை மேய்கிறது. அது சுரக்கும் கிரானுலின் என்ற புரதம் அந்தப் புண்ணை ஆற்றும் சாக்கில் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. புளித்த மீனிலுள்ள நைட்ரோசமைன் என்ற புற்றுநோய் தூண்டும் வேதிப்பொருள்கள் வேறு. புண்ணும் ஆறுதலுமாக இருபது முப்பது ஆண்டுகள் போகும். தொற்று வந்த எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை, சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலருக்குக் கண் மஞ்சளித்து, உடம்பெல்லாம் அரித்து, மலம் வெளிறும்போது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும்.

அதனால்தான் ஸ்கேன் கருவியை ஊருக்கே தூக்கிப் போகிறார்கள். இதில் முன்னின்றவர் கோன் கேன் பல்கலைக்கழக ஈரல் அறுவை நிபுணர் நரோங் குந்திகியோ. அவருடைய அப்பா, அம்மா இருவருமே இந்தப் புற்றுநோயில் இறந்தவர்கள். நாளத்தைச் சுற்றித் தழும்பு தடித்திருப்பது ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். அதைத் திரையில் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மாத்திரைச் சீட்டைக் கொடுத்தபோது அப்படி யாரும் நிறுத்தியதில்லை.

கோன் கேன் மாகாணத்தின் லாவா ஏரிக்கரை ஊர்களில் பஞ்சோப் ஸ்ரீபா என்ற ஆய்வாளரின் குழு மருந்தோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம், தொண்டர்கள், ஏரியின் நத்தை, மீன் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தார்கள். சராசரி 60 சதவீதமாக இருந்த தொற்று மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. மீன்களில் சில இனங்களில் 70 சதவீதம் வரை இருந்தது, 1 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அங்கே பல வீடுகளில் இப்போது கொய்யை வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி எடுக்கிறார்கள். நானும் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. பெரியவர்கள் மட்டும் இதெல்லாம் கொய் ஆகுமா என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.