கடைசி காலம் யாருக்கு எச்சரிப்பு?

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்ததுமே பேச்சு இஸ்ரேல், ரஷ்யா, 666 என்று ஓடியது. கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் அந்திக்கிறிஸ்து யார், எந்த வருஷம் இயேசுவின் இரண்டாம் வருகை... மனசு கனத்துப்போனது.

அந்தப் புத்தகம் சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. அந்த 666-க்குரிய மிருகம் கடலிலிருந்து எழும்புவது 13-ஆம் அதிகாரத்தில். அதற்கு வெகு முன்னால், 2, 3 அதிகாரங்களிலேயே ஆண்டவர் விசுவாசிகளை நிற்கவைத்துக் கேட்டுவிடுகிறார். அந்த ஏழில் ஒன்றான லவோதிக்கேயாவைப் பாருங்கள். கி.பி. 60 வாக்கில் நிலநடுக்கத்தில் இடிந்தும், ரோமின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்தில் எழும்பிய ஊர். அந்த ஊர்ச் சபைதான் தனக்கு ஒரு குறைவுமில்லை என்றது. அனலுமில்லை, குளிருமில்லை. ஆண்டவர் வெளியே நின்று கதவைத் தட்டுகிறார். அது சபையின் கதவு!

மத்தேயு 25-ல் இயேசு சொன்ன உவமையிலும் அப்படித்தான். பத்துக் கன்னிகைகளுமே மணவாளனுக்காகக் காத்திருந்தவர்கள். பத்துப் பேரும் தூங்கினார்கள். ஐந்து பேர் விளக்குக்கு எண்ணெய் எடுத்து வரவில்லை.

அப்புறம் எதற்கு இந்தத் தேதிக் கணக்கு? 1844 அக்டோபர் 22-ல் இயேசு வருவார் என்று நம்பி, போதகர் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் அமெரிக்காவில் காத்திருந்து அழுதார்கள். அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று மத்தேயு 24:36 சொல்லிவிட்டதே.

திரும்பும்போது ஆற்காடு ரோட்டில், வைத்தியத்துக்காக எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம் கடை வாசலில் துணி விரித்துப் படுத்திருந்தது. வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள் என்ற வார்த்தையும் அதே 25-ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்தி, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.