கோடை நாட்குறிப்பு: முருங்கைக்காய் முதல் மேண்டில் வரை

ஏப்ரல் 26

மண்டியிலிருந்து இவர் இன்று ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டு வந்தார். ஒட்டன்சத்திரத்தில் இந்த மாதங்களில் முருங்கைக்காய்க்குக் குறைவே கிடையாது. வரத்து கூடினால் விலை விழும். விலை விழுந்தால் எங்கள் வீட்டுக்குக் கட்டு வரும். வாசல் திண்ணையில் இறக்கி வைத்ததை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். 'முந்தானை முடிச்சு' வந்தது 1983-ல். நாற்பது வருடம் தாண்டியும் அந்தச் சிரிப்பு இன்னும் வாசலில் நிற்கிறது.

கல்யாணமான புதிதில் இது எனக்குப் பெரிய உபத்திரவம். சந்தையில் முருங்கைக்காய் என்று கேட்க நா எழாது. கேட்டால் காய்க்காரர் இவரைப் பார்ப்பார், இவர் வேறெங்கோ பார்ப்பார். முதல் ஒரு வருடம் எங்கள் வீட்டுச் சாம்பாரில் கத்தரிக்காய்தான்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் டிவியில் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தேன். பாக்யராஜ் கைக்குழந்தையோடு ஊருக்கு வரும் வாத்தியார், மனைவியை இழந்தவர். பரிமளமாக ஊர்வசி. அவரைக் கட்டிக்கொள்வதற்காகக் குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் பண்ணுகிறாள். கல்யாணம் நடந்துவிடுகிறது, ஆனால் அவர் விலகியே இருக்கிறார். அந்த இடத்தில்தான் அவள் முருங்கைக்காயை நம்பி அடுப்படிக்குப் போகிறாள். தன் ஆசையை வாய்விட்டுச் சொல்ல ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அன்று என்ன வழி இருந்தது? தட்டில் போட்டுத்தான் சொல்ல முடிந்தது. ஊர் அந்தக் காயை மட்டும் பிடித்துக்கொண்டு அவளை மறந்துவிட்டது. எனக்கு அதுதான் ஆற்றாமை.

இன்று பொரியல், சாம்பார் இரண்டிலும் போட்டேன். எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

ஏப்ரல் 29

டீக்கடையில் வாழைத்தார் தொங்குகிறது. ஒருவர் இரண்டு பழம் கேட்டார், கடைக்காரர் முதலில் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார். பெஞ்சிலிருந்து உடனே ஒரு குரல்: "இன்னொண்ணு எங்கே?" மொத்தக் கடையும் சிரித்தது. 'கரகாட்டக்காரன்' 1989, மதுரையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

மே 3

அம்மா ஊருக்கு வந்திருக்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் திருவிழா. வந்த அன்றே ஊர்ப் பொது மோட்டார் ரிப்பேர். காலை ஆறு மணிக்கு டிராக்டரில் தண்ணீர் டேங்க் வரும் என்று சொன்னார்கள். ஐந்து மணிக்கே ரோட்டோரம் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. நீலம், பச்சை, சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள். குடம் இல்லாதவர்கள் இடம் பிடிக்க ஒரு செங்கல், ஒரு செருப்பு வைத்திருந்தார்கள். ஆள் யாருமே இல்லை. குடங்கள் மட்டும் ஆட்கள்போல வாய் திறந்து நின்றன.

எனக்கு 'தண்ணீர் தண்ணீர்' வந்துவிட்டது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை 1981-ல் பாலசந்தர் படமாக எடுத்தார். அத்திப்பட்டு என்ற ஊர். வெள்ளைச்சாமி என்ற வெளியூர்க்காரன் மாட்டுவண்டியில் தூரத்திலிருந்து தண்ணீர் கொண்டு வருவான். செவந்தியாக சரிதா. எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளி மைதானத்தில் திரை கட்டிப் போட்டார்கள். அன்று பார்த்ததுதான், மறுபடி பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. ஆனால் காலிக் குடத்தின் வயிற்றில் இன்னொரு குடம் இடிக்கிற அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் செவந்தியின் முகம்தான் வருகிறது.

எங்கள் மோட்டார் நாளை சரியாகிவிடும். அத்திப்பட்டுக்கு அந்த நாளை வரவே இல்லை.

மே 7

சித்தப்பா பேத்தி கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் பந்திக்குப் போய்விட்டது. மேடைக்குப் பக்கத்தில் நாதஸ்வரக்காரர் மட்டும் யாருக்காகவோ வாசித்துக்கொண்டிருந்தார். அத்தையும் நானும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

ஒரு உருப்படி முடிந்ததும், வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றினார். ஒரு விரல் நீளம்கூட இருக்காது, நாணலில் செய்தது. உதட்டில் வைத்து ஈரப்படுத்தினார், கண் பக்கத்தில் கொண்டுபோய் அதன் வாயைப் பார்த்தார், பிடிக்கவில்லை. வாத்தியத்தில் கயிற்றோடு தொங்கிய மாற்றுச் சீவாளிகளில் ஒன்றை எடுத்து, ஊசியால் இளக்கி, ஊதிப் பார்த்துப் பொருத்தினார். கன்னம் உப்பியதும் அத்தை என் தொடையைத் தட்டினாள்: "சிக்கலார் மாதிரியே இருக்காருடி!"

சிக்கலார் யார் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி. அதில் கேட்பது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. ஆனால் விரலும் கன்னமும் கழுத்து நரம்பும் சிவாஜியுடையவை. வாசிக்கத் தெரியாத ஒரு மனிதர், வாசிப்பவரை இப்படிக் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். நிஜமாக வாசிப்பவரைப் பார்த்து அத்தை நடித்தவர் பெயரைச் சொல்கிறாள். எவ்வளவு பெரிய உழைப்பு அது!

போகும்போது அவரிடம் நன்றாயிருந்தது என்று சொன்னேன். "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டார். அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

மே 11

மகன் வந்து சேர்ந்தான். ப்ளஸ் டூ முடித்து லீவு. அம்மா வீட்டுக் கூரையில் ஓடு மாற்றுகிறார்கள். ஏணியில் ஒருவர் சுத்தியலோடு ஏற, இவன் கீழே நின்ற மேஸ்திரியின் தலையைப் பார்த்துவிட்டு "மேஸ்திரி, தள்ளி நில்லுங்க" என்றான். மேஸ்திரிக்கும் புரிந்துவிட்டது. 'ஃப்ரெண்ட்ஸ்' வந்தது 2001; அதில் சுத்தியல் விழுந்த நேசமணிக்காக 2019-ல் உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை பண்ணியது.

ராத்திரி மொட்டை மாடியில் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். ஹெலிகாப்டர், வெளிநாட்டு வீதி, பனிமலை என்று எவ்வளவோ கோடி கொட்டிக் காட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்றாவது அன்றாடத்தில் நமக்கு நினைவு வருகிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அதையெல்லாம் நம்ம கையில தொட்டதில்லையேம்மா" என்றான். சரியாகத்தான் சொன்னான். வாழைப்பழத்தையும் சுத்தியலையும் கை அறியும்.

"அப்போ பெட்ரோமாக்ஸ்?" என்றேன். அதன் வசனம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், விளக்கை மட்டும் பார்த்ததில்லை.

மே 18

திருவிழாவின் இரண்டாம் நாள். சாயங்காலம் பெருங்காற்று அடித்து, மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துவிட்டது. ஊரே இருட்டு. ஜெனரேட்டர் கோயிலுக்கு மட்டும்தான். மாமா ஒன்றும் பேசாமல் பரணில் ஏறினார். சாக்கு சுற்றிய பெட்ரோமாக்ஸ் இறங்கியது. போன வாரமே ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்காக மூன்று ஊர் அலைந்திருக்கிறார். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

மகன் விளக்கைப் பார்த்ததும் "பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா?" என்றான். குழந்தைகள் எல்லாம் கத்திச் சிரித்தன. மாமாவும் சிரித்தார். 1984-ல் 'வைதேகி காத்திருந்தாள்' வந்தபோது மாமா கல்யாண வீடுகளுக்கு இதே விளக்கை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கவுண்டமணியின் சைக்கிள் கடையைத் திரையில் பார்த்து, நம்ம பொழப்பை அப்படியே எடுத்துட்டாங்க என்று ஊர் முழுக்கச் சொன்னாராம்.

பெட்ரோமாக்ஸ் என்பது ஒரு ஜெர்மன் விளக்கின் பெயர். நம் ஊரில் பம்ப் அடிக்கிற எல்லா விளக்குக்கும் அதுவே பெயர் ஆகிவிட்டது.

மாமா புது மேண்டிலைப் பிரித்தார். வெள்ளைத் துணிப் பை, குழந்தையின் காலுறை அளவு. பீங்கான் மூக்கில் சுருக்கிக் கட்டினார். கிண்ணியில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். நீலச் சுடர் ஏறி மேண்டில் கருகியது, சுருங்கியது, அப்புறம் வெளுத்தது. துணி போய்விட்டது, துணியின் உருவத்தில் சாம்பல் மட்டும் நிற்கிறது. பம்ப் அடிக்க அடிக்க "உஸ்ஸ்" என்று இரைந்து, மஞ்சளாகி, பளீரென்று வெள்ளை பிடித்தது. வாசலில் இருந்த அத்தனை முகமும் ஒரே நேரத்தில் தெரிந்தன.

மகன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ படத்துல செந்தில் தொட்டதும் மேண்டில் உதிர்ந்துச்சே, அது காமெடிக்காக இல்லையா மாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தொட்டா உதிரும்தான்டா. எரிஞ்சு முடிஞ்ச மேண்டிலு அவ்வளவுதான். எத்தனை கல்யாணத்துல எத்தனை பயலுக தொட்டிருக்காங்க" என்றார் மாமா. அப்புறம் மகன் வசனம் பேசவில்லை. பம்ப் அடிக்கும் வேலையை வாங்கிக்கொண்டான். காற்று இறங்கி வெளிச்சம் மங்கும்போதெல்லாம் அவனே எழுந்து போனான்.

மே 19

விடியற்காலை கரண்ட் வந்தது. மாமா விளக்கை அணைத்துத் திண்ணையில் ஆறவைத்திருந்தார். சின்ன வயதில் இதன் பக்கத்தில் போகவே எங்களை விடமாட்டார். ஒரு மேண்டில் போனால் ஒரு நாள் வாடகையில் கை வைத்த மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பரண்ல ஏத்துறதுக்குள்ள எப்படியும் உதிர்ந்துரும். தொடணும்னா தொட்டுக்க தாயி" என்றார்.

ஆள்காட்டி விரலை வைத்தேன். தொட்டதே தெரியவில்லை. விரல் நுனியில் கோலமாவுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தது.