கை வேலை தெரிந்த நாவல்கள்

நல்ல நாவலாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம், காதல் கதையா குடும்பக் கதையா என்று நான் விசாரிப்பதில்லை. கதையில் வருகிறவர்கள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அந்த வேலையை எழுதியவர் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறாரா என்று பார்ப்பேன். கதாநாயகன் இன்ஜினியர் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்; கடைசிப் பக்கம் வரை அவன் ஒரு நாளும் வேலைக்குப் போயிருக்க மாட்டான். அப்படிப்பட்ட புத்தகத்தில் என் மனசு ஒட்டாது. ஒரு மனுஷி பகல் முழுக்க எதைச் செய்கிறாளோ அதுதானே ராத்திரி அவள் கோபத்திலும் தூக்கத்திலும் வந்து நிற்கும்?

நான் கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருப்பவள். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். மத்தியான வெயிலில் ஆள் வராத நேரத்திலும், கரண்ட் இல்லாமல் ஓவர்லாக் மிஷின் சும்மா நிற்கும்போதும் படிப்பேன். கிளை நூலகத்தில் எடுத்தது பாதி, சொந்தமாக வாங்கியது பாதி. அளவு ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்களில் சிலர் மேஜை மேல் இருக்கும் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். பேச்சு அப்படித்தான் ஆரம்பிக்கும். அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

எங்கள் கரிசல் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பூமணியின் 'பிறகு', 1979இல் வந்தது. மணலூத்து என்ற ஊருக்குத் தோல் வேலை செய்ய வரும் அழகிரியின் வாழ்க்கைதான் நாவல். நாடு சுதந்திரம் வாங்கிவிட்டது. அவருடைய தெருவுக்கு அது எப்போது வந்து சேரும் என்பது தெரியவில்லை. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலைக்குத் தோல் வேண்டும், சம்சாரியின் காலுக்குச் செருப்பு வேண்டும், செத்த மாட்டைத் தூக்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் அழகிரி வேண்டும். ஆனால் அவர் நிற்க வேண்டிய இடம் வேறு. இதைப் பூமணி சத்தம் போட்டுச் சொல்வதே இல்லை. ஆட்கள் பேசிக்கொள்வார்கள், கிண்டலடிப்பார்கள், வேலையைப் பார்ப்பார்கள். நமக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கும். தோலில் குத்தூசி இறக்கி நூலை இழுத்து முடிபோடும் வேலையைத் துணியில் தைக்கிற என்னால் கூடுதலாகவே உணர முடிந்தது. இரண்டும் தையல்தான். அவர் தைத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் அவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. இந்த நாவலின் பேச்சு மொழி வெளியூர்க்காரர்களுக்கு முதலில் தடுக்கும். வாய்விட்டுப் படியுங்கள். காதுக்குப் பழகிவிட்டால் கண்ணுக்கும் பழகிவிடும்.

இங்கிருந்து தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினால், ஊரை நெருங்கும்போதே உப்பளங்கள் வந்துவிடும். வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பதை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்திருப்போம். ராஜம் கிருஷ்ணன் அங்கே இறங்கி, அந்தத் தொழிலாளர்களோடு பழகி, 'கரிப்பு மணிகள்' எழுதினார். அவர் வழக்கமே அதுதான். படுகர்களைப் பற்றிக் 'குறிஞ்சித்தேன்' எழுத நீலகிரி, மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க்கரையில்' எழுதக் கடற்கரை என்று நேரே போய்விடுவார். 'கரிப்பு மணிக'ளில் பொன்னாச்சி என்ற பெண்ணும் அவள் தம்பியும் அளத்து வேலைக்குப் போகிறார்கள். காலை உப்பு நீர் அரிக்கும், வெள்ளையில் பட்ட வெயில் கண்ணைக் கெடுக்கும், சுற்றிலும் தண்ணீராக இருந்தும் குடிக்கத் தண்ணீருக்குத் தவிக்க வேண்டும். இதற்கு மேல், வேலை கொடுக்கிறவனின் கை எந்தப் பக்கம் நீளும் என்ற பயம் வேறு. பொன்னாச்சியைக் கண்ணீர் விடுகிறவளாக மட்டும் விட்டுவிடவில்லை என்பதால்தான் இந்த நாவல் எனக்குப் பிடிக்கும். அவள் கூலியைக் கணக்குப் பார்க்கிறாள், ஆட்களை எடை போடுகிறாள், எதிர்த்து நிற்கவும் கற்றுக்கொள்கிறாள். நடு நடுவே பிரசங்கம் மாதிரி வரும் பகுதிகள் உண்டு. எனக்கு அவை கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் இதைப் படித்த பிறகு, சமைக்கும்போது உப்பு டப்பாவைத் திறக்கும் கை ஒரு நொடி நிற்கும். என்னிடம் இரவல் வாங்கிப் படித்த டீச்சர் ஒருவர், "அக்கா, இதை எங்க பிள்ளைகளுக்குப் பாடமா வச்சா என்ன?" என்று கேட்டார். எனக்கும் அதே ஆசைதான். ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருக்கும்போதே, 2009இல், அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதனால் தேடினால் கிடைக்காமல் போகாது.

துணியோடேயே கிடக்கிறவள் என்பதால் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லியாக வேண்டும். 1994இல் வந்தபோது பெரிய விவாதத்தைக் கிளப்பிய நாவல் இது. ஆரோக்கியம், அவள் புருஷன் சவுரி, பிள்ளைகள். காலனி மக்களின் துணியை வெளுக்கும் குடும்பம். பிரசவம் என்றாலும் ஆரோக்கியம், சாவு என்றாலும் ஆரோக்கியம். கூலி என்பது வீடு வீடாகப் போய் வாங்கும் ராச்சோறும், அறுப்புக் காலத்தில் களத்தில் கிடைக்கும் நெல்லும். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இன்னும் கீழே ஒரு படி இருக்கிறது என்பதை நேருக்கு நேராகச் சொன்ன புத்தகம். என் மேஜைக்கு வருவது மடிப்புக் கலையாத புதுத் துணி. அவள் மூட்டை கட்டித் தலையில் தூக்குவது மற்றவர்களின் தீட்டுத் துணி. அவள் மகள் மேரிக்கு நேர்வதைப் படித்த அன்று என்னால் கத்தரிக்கோலைத் தொட முடியவில்லை. மனசு பலமாக இருக்கும்போது மட்டும் எடுங்கள். ஆனால் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

சா. கந்தசாமியின் 'சாயாவன'த்தைப் படித்துவிட்டு "கதையே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. 1969இல் வாசகர் வட்டம் வெளியிட்ட நாவல். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம், காவிரிப்பூம்பட்டினத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரிய தோட்டத்தை வாங்கி, அதை அழித்துக் கரும்பாலை வைக்கிறான். அவ்வளவுதான். புத்தகத்தின் பெரும்பகுதி காடு வெட்டுவதுதான். கொடியை அறுக்கிறான், இன்னொரு கொடி குறுக்கே வருகிறது, வழி அடைகிறது, வேறு பக்கமாக நுழைகிறான், தீ வைக்கிறான். மரமும் மூங்கிலும் பறவையும் எரிகின்றன. ஆசிரியர் எங்கேயும் 'ஐயோ' என்று சொல்ல மாட்டார். சிதம்பரத்தைக் கெட்டவனாகவும் காட்ட மாட்டார். அவன் உழைப்பாளி, கெட்டிக்காரன், ஊருக்கு நல்லதும் செய்கிறவன். அதனால்தான் அது அவ்வளவு வலிக்கிறது. அந்தத் தோட்டத்துப் புளியை ருசித்துப் பழகிய ஊர், மரங்கள் போன பிறகு என்ன ஆகிறது என்பதைக் கடைசிப் பக்கங்களில் பாருங்கள். வேகமாகப் புரட்டாதீர்கள். வேலை நடக்கிற வேகத்திலேயே படிக்க வேண்டிய புத்தகம் இது.

சின்னதாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. என் கடையில் பித்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண்ணுக்கு முதலில் கொடுத்தது இதைத்தான். அதற்கு முன்னால் அவள் நாவலே படித்ததில்லை. சென்னையில் குழாய் வற்றிய காலம். ஜமுனா, அவள் தங்கை சாயா, குடங்கள், அடி பம்பு, லாரி. தண்ணீர் பிடிப்பதே ஒரு முழுநேர வேலை என்று தெரிந்தவர்கள் எழுதியதும் படிப்பதும் இது. நாவலில் வரும் டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்லும் இடத்தை அந்தப் பெண் எனக்கே திரும்பப் படித்துக் காட்டினாள்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. காதல் கதை கேட்பவர்களுக்கு நான் கொடுப்பது. லிஸிக்கும் பனையேறி மகன் தங்கராஜுக்கும் நடுவே நிற்பது சாதியோ மதமோ இல்லை. இரண்டு பேருக்கும் அவை ஒன்றுதான். பனை ஏறுகிற தொழில்தான் குறுக்கே நிற்கிறது. குமரி மாவட்டத்து அக்கானி (பதநீர்) மணம் பேச்சில் அப்படியே இருக்கும்.

பெரிய நாவலுக்குத் தயாரானவர்கள் ப. சிங்காரத்திடம் போங்கள். 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர், யுத்தம் முடிந்து திரும்பி, மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தவர். எழுதியது இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' முதலில், 'புயலிலே ஒரு தோணி' அடுத்து. அந்த வரிசையில் படித்தால் நல்லது. வட்டிக்கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக இருக்கும் வாழ்க்கையை முதல் நாவல் பழக்கிக் கொடுக்கும். அதன் பிறகு ஜப்பான்காரன் வருகிறான், நேதாஜியின் படை வருகிறது, இரண்டாவது நாவலின் நாயகன் பாண்டியன் வருகிறான். 'புயலிலே ஒரு தோணி' 1972இல் அச்சாவதற்கு முன் கையெழுத்துப் பிரதியாகவே பத்து வருஷம் கிடந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. எழுதியவர் அத்தோடு எழுதுவதையே விட்டுவிட்டார்.

கடலுக்குப் போகிறவர்களைப் பற்றி ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' இருக்கிறது. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். அதன் வட்டார மொழியோடு இன்னொரு முறை உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கிறேன். மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊரார் உடம்பின் அளவெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் தையல்காரியை நடுவில் வைத்து எழுதிய நாவல் என் கைக்கு இன்னும் வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களைப் பற்றியதாக இருந்தாலும் சரி. உங்களுக்குத் தெரிந்தால் பெயரும் பதிப்பகமும் சொல்லுங்கள். தீபாவளித் தையல் முடிந்ததும் முதலில் அதைத்தான் வாங்குவேன்.