புத்திமதிக்கு முன்னால்: குடிநோய் விடுதிச் சிகிச்சை நாட்குறிப்பு

நவம்பர் 4, 2024, திங்கள்

தீபாவளி கழிந்த முதல் திங்கள். சேர்க்கை அறை வாசலில் குடும்பத்தார் கேட்பது ஒன்றுதான்: "நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க சார், உங்க பேச்சையாவது கேக்கட்டும்." இன்றைக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. காதில் விழும், மனதில் தங்காது. முதலில் உடம்பு, அடுத்து சாப்பாடும் தூக்கமும், அதற்குப் பிறகுதான் பேச்சு. இந்த வரிசையை மாற்றினால் முப்பது நாளும் வீணாகும்.

சேர்க்கையில் முதல் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தீர்கள்?" அந்த மணியிலிருந்துதான் கணக்கு ஓடும். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணிக்குள் வரும். ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டு பிதற்றுகிற நிலை, அதாவது டெலிரியம், 48 முதல் 96 மணிக்குள் வரும். உயிரை எடுப்பது இதுதான்.

இரண்டாவது கேள்வி அளவு. "கொஞ்சம்தான் சார்" என்ற பதிலை எழுதிக்கொள்ளக் கூடாது. எத்தனை குவாட்டர் என்று கேட்க வேண்டும். 42.8 சதவீத பிராந்தி 180 மில்லியில் ஏறத்தாழ 61 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராமை ஓர் அலகாக வைத்தால் ஒரு குவாட்டரே ஆறு அலகு. வருடக்கணக்கில் தினம் இரண்டு குவாட்டர் குடித்தவர் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். தூக்க மாத்திரை, வலி மாத்திரை பழக்கம் உண்டா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். தானாக முன்வந்து சொல்பவர்கள் குறைவு.

பையைச் சோதிக்கும்போது பாட்டிலைத் தேடினால் மட்டும் போதாது. இருமல் சிரப், வாய் கொப்பளிக்கும் திரவம், கை கழுவும் சானிடைசர், அரிஷ்டம் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கலாம்.

நவம்பர் 5, செவ்வாய்

"ஆளை அனுப்புங்க, வண்டியில தூக்கிட்டுப் போயிடுங்க" என்று கேட்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படித் தூக்கிச் செல்லும் மையங்களும் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. சம்மதித்துச் சேர்பவர் 86ஆம் பிரிவில் சேர்கிறார். வெளியேற விரும்பினால் கேட்கலாம். தன்னிலை இழந்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகும் நிலையில் இருப்பவரை, அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் முடிவெடுக்கச் சட்டப்படி அமைந்தவர், விண்ணப்பித்தால் 89ஆம் பிரிவில் 30 நாள் வரை சேர்க்கலாம். அதற்கும் மருத்துவ மதிப்பீடு வேண்டும், மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தகவல் போக வேண்டும். சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் கேட்க வேண்டியவை: மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, இரவில் செவிலியர் இருப்பாரா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள், அங்கே போக எத்தனை நிமிடம். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

நவம்பர் 6, புதன்

மூன்றாம் நாள், வார்டில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய நாள். குடியை நிறுத்தியதால் வரும் தொந்தரவை அளக்கும் சி.ஐ.டபிள்யு.ஏ. அளவுகோலில் சில மணிக்கு ஒருமுறை மதிப்பெண் போடுகிறோம். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் என்று பத்து அம்சங்கள், மொத்தம் 67. எட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மருந்தில்லாமலே கவனித்துக்கொள்ளலாம். மேலே ஏறினால் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயசெபாக்சைடு மாத்திரை. எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு. நடுத்தரமான ஒருவருக்கு முதல் நாள் 25 மில்லிகிராம் நான்கு வேளை என்று தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஐந்து முதல் ஏழு நாளில் நிறுத்திவிடுவது ஒரு முறை. ஈரல் கெட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது உடம்பில் தேங்கும் என்பதால் அதே வகையைச் சேர்ந்த லோராசெபாம் கொடுக்கப்படும். இந்த மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பக் கூடாது. குடி போன இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். மதுவோடு சேர்த்துப் போட்டால் மூச்சு அடங்கிவிடும்.

பதறிப்போகும் குடும்பங்கள் வழியில் ஏதாவது கிளினிக்கில் நிறுத்தி, "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்" என்று கேட்டு ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, அடிமட்டத்தில் இருக்கும். குளுக்கோஸை எரிக்கத் தயமின் தேவை. வெறும் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்து மூளை அடிபடும். அதற்கு வெர்னிக்கி நோய் என்று பெயர். குழப்பம், கண் அசைவில் தடுமாற்றம், கால் பரப்பித் தள்ளாடும் நடை, இவைதான் அறிகுறிகள். மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். தாமதித்தால் புதிய நினைவுகள் பதியாத நிலை வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடலாம். எனவே முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். குடிப்பவருக்குக் குடல் தயமினைச் சரியாக உறிஞ்சாது. ஆரம்ப நாட்களில் ஊசி போடுவதற்குக் காரணம் அதுதான். சர்க்கரை மிகவும் இறங்கி மயங்கிக் கிடப்பவருக்கு மட்டும் குளுக்கோஸைத் தாமதிக்காமல், இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

மூன்றாம் நாளில் இருப்பவரின் அறைக்கு உயரம் குறைந்த கட்டில், இரவு முழுக்க மெல்லிய விளக்கு, கண்ணில் படும் இடத்தில் ஒரு கடிகாரம். இருட்டும் நிழலும் பிதற்றலைக் கூட்டும். "இங்க பூச்சி இல்லையே" என்று வாதாட வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறார், என்ன கிழமை என்று திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால் மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் விடுதி போதாது.

நவம்பர் 9, சனி

பசி திரும்புகிறது. இலை நிறையப் போட்டுவிடக் கூடாது. பல வாரம் சரியாகச் சாப்பிடாத உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறு போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் முதல் வாரம் ஒரு நாள் சாப்பாட்டை ஆறு சிறு வேளையாகப் பிரிக்கிறோம். காலையில் கைக்குத்தல் அரிசிக் கஞ்சி அல்லது கேழ்வரகுக் கூழ், இடையில் வாழைப்பழம், மாலையில் சுண்டல், இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். ஈரல் நோய்க்காரருக்கு முட்டையும் பருப்பும் கூடாது என்பது பழைய நம்பிக்கை. அவர்களுக்குத்தான் புரதம் அதிகம் தேவை. இரவில் நெடுநேரம் வெறும் வயிறாக இருப்பதும் அவர்களுக்கு ஆகாது. இனிப்பின்மேல் ஆசை வரும். கடலை மிட்டாய் கொடுக்கலாம், சர்க்கரை நோய் இல்லையென்று ரத்தம் பார்த்த பிறகு.

நவம்பர் 13, புதன்

யோகா வகுப்பு. முழுமையான சிகிச்சை என்ற பெயரில் முதல் நாளே கபாலபாதி செய்யவைக்கும் இடங்கள் உண்டு. வேகமான மூச்சு வலிப்பைத் தூண்டக்கூடும். வலிப்பு வந்தவர்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அது வேண்டாம். சிரசாசனமும் வேண்டாம். பலருக்கு உள்ளங்கால் மரத்திருக்கும், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் விழுவார்கள். இந்த வாரத்துக்கு நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, நாற்காலியில் அமர்ந்தபடி தோளையும் கழுத்தையும் அசைப்பது, இருபது நிமிட நடை, இவை போதும். சவாசனத்தில் கண்ணை மூடினால் சிலருக்குப் படபடப்பு ஏறும். அவர்கள் கண்ணைத் திறந்தே படுக்கட்டும்.

தூக்கம் இன்னும் வரவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியாகச் சில மாதங்கள்கூட ஆகலாம். இதை இப்போதே சொல்லி வைக்காவிட்டால், வீட்டுக்குப் போன மூன்றாம் இரவில் "தூங்குறதுக்காக ஒரே ஒரு கட்டிங்" என்று தொடங்கிவிடும். எழும் நேரத்தை மாற்றக் கூடாது, காலை 5.30 என்றால் தூங்காத இரவுக்குப் பிறகும் 5.30தான். பகல் தூக்கம் கூடாது. மதியம் 2 மணிக்கு மேல் டீ, காபி இல்லை.

நவம்பர் 16, சனி, கார்த்திகை 1

இன்று சபரிமலைக்கு மாலை போடும் நாள். ஆண்டு முழுக்கக் குடிப்பவர் இன்று காலை குளித்து மாலை போட்டு அடியோடு நிறுத்துகிறார். அந்தப் பக்தி பெரிய பலம், அதை மதிக்கிறோம். உடம்புக்கு மட்டும் அது தெரியாது. நாளை மறுநாள் வரை வலிப்பு அபாயம், அதற்கடுத்த இரண்டு நாள் பிதற்றல் அபாயம். "சாமி வந்திருக்கு" என்று விட்டுவிடும் நடுக்கமும் பிதற்றலும் மருத்துவ அவசரமாக இருக்கலாம். மாலையோடே மருத்துவரைப் பார்க்கலாம், தயமினுக்கும் மாத்திரைக்கும் விரதம் கெடாது. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துபவர்களுக்கும் இதே கணக்குதான்.

நவம்பர் 20, புதன்

இப்போது பேசலாம். தலை தெளிந்திருக்கிறது.

தனி ஆலோசனையில் கேட்பது "ஏன் குடிக்கிறீர்கள்" என்று அல்ல. அதற்கு மனைவி, முதலாளி, கடன் என்று ஆயத்தப் பதில் இருக்கும். கடைசி ஐந்து முறை குடித்த நாட்களை மணிவாரியாக எழுதச் சொல்கிறோம்: எங்கே நின்றீர்கள், யாரோடு, பையில் எவ்வளவு பணம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. ஐந்தையும் அடுத்தடுத்து வைத்தால் சனிக்கிழமைச் சம்பளம், வெறும் வயிறு, மாலை ஆறு மணி என்று தானாகத் தெரியும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எது தன்னுடையது என்பதையும் அவரே குறிக்கிறார். குடிக்கும் வேட்கை ஓர் அலைபோல, பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அதுவரை என்ன செய்வது என்பதற்குத்தான் பயிற்சி.

மாலையில் ஏ.ஏ. கூட்டம், அதாவது குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது, இன்று தமிழில் நடக்கிறது. மருத்துவர் சொல்லி நம்பாததை, பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னால் நம்புகிறார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

குடும்ப நாள். "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலக்கிற மருந்து தருவீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பவரின் வேதனை உண்மை. பதில், முடியாது. அப்படிக் கலக்கப்படுவது டைசல்பிராம் ஆகலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு வலிக்கும். சிலர் இறந்தும் போகலாம். தெரிந்து போடுபவர் அந்தப் பயத்தால் குடிக்காமல் இருப்பார், மருந்து வேலை செய்யும் விதமே அதுதான். தெரியாதவர் குடிப்பார்.

முறையாகக் கொடுப்பதென்றால் ஈரல் பரிசோதனை, எழுத்துச் சம்மதம், கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம். வழக்கமாக 250 மில்லிகிராம், காலையில், ஒருவர் பார்க்க. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை எதிர்வினை வரலாம். இதய நோய் உள்ளவருக்கும் மனப்பிறழ்வு உள்ளவருக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம் வேட்கையைக் குறைக்கும். ஆனால் அபின் வகை வலி மாத்திரை எடுத்தவர் அதை விட்டு 7 முதல் 10 நாள் கழியாமல் தொடக் கூடாது.

மனைவிமாருக்குத் தனி அமர்வு. கடனை இனி நீங்கள் அடைக்காதீர்கள், வேலைக்கு லீவு சொல்லிப் பொய் பேசாதீர்கள், வாயை முகர்ந்து பார்க்காதீர்கள். சொல்வது எளிது, பத்து வருடப் பழக்கம் ஒரு ஞாயிறில் போகாது. அடி உதை நடந்த வீடுகளில் அவர்களுடைய பாதுகாப்புத் திட்டம் முதலில் எழுதப்படுகிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

முப்பதாம் நாள். காகிதத்தில் எழுதிக் கொடுப்பவை: கடை இல்லாத வழியில் வேலைக்குப் போகும் பாதை, சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, போனில் எந்த எண்களை அழிப்பது, மாலை ஆறு முதல் எட்டு வரை எங்கே இருப்பது. துக்க வீடு, கெடா வெட்டு, கல்யாணம், மூன்றுக்கும் முதல் மூன்று மாதம் தனியாகப் போகக் கூடாது. யாராவது ஊற்றினால் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும், வாய்விட்டுப் பத்து முறை ஒத்திகை பார்த்த வாக்கியம்: "மாத்திரை சாப்பிடறேன் மாமா, குடிச்சா ஆஸ்பத்திரிதான்."

ஒரு நாள் வழுக்கினால் அன்றே போன் செய்ய வேண்டும். வெட்கத்தில் ஒளிந்துகொள்ளும் மூன்று நாள்தான் வழுக்கலைப் பழைய குடியாக்குகிறது. அபின் வகைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம்: உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிட்டது, பழைய அளவு இப்போது உயிரைக் கொல்லும்.

மறுபார்வை 7, 14, 30ஆம் நாட்களில்.

டிசம்பர் 26, வியாழன்

மண்டல பூஜை. 41 நாள் முடித்து மாலை கழற்றுபவர்கள் உண்டு. மாலை கழற்றிய அன்று மாலையே கடை வாசலில் நிற்பவர்களும் உண்டு. 41 நாள் நிறுத்த முடிந்தவருக்கு உடம்பின் வேலை முடிந்துவிட்டது, நாம் விடுதியில் நவம்பர் 20 அன்று தொடங்கிய இடத்தில் அவர் நிற்கிறார். வீட்டார் இன்றைக்கே புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வரலாம். மலையிலிருந்து இறங்கும் வண்டி காலையில் வந்தால் மதியத்துக்குள் வரட்டும். சாப்பிட்டுவிட்டு வரட்டும். ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிறு தேவையில்லை.