49 நாள் 17 மணி நேரம்
போன வருஷம் சித்திரை கடைசில ஒரு நாள் காலையில குண்டடம் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து ஆபீஸுக்கு போன் வந்துச்சு. "ஏனுங் தம்பி, உங்க பெட்டி மாட்டி ரெண்டு மாசம் கூட ஆகல, மோட்டார் எரிஞ்சு போச்சுங்"ன்னாரு. பேசுனவருக்கு எங்கப்பா வயசு இருக்கும். சத்தம் போடல, திட்டல, அதுதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரி ஆயிருச்சு.

நான் பாக்குற வேலை எம்பெடட் சாஃப்ட்வேர். கோயமுத்தூர் கணபதியில ஒரு சின்ன கம்பெனி, போர்வெல் மோட்டாரை போன்லயே ஆன் ஆஃப் பண்ற ஸ்டார்ட்டர் பெட்டி செய்யறோம், அதுக்குள்ள இருக்குற எஸ்டிஎம்32 சிப்புக்கு சி லாங்வேஜ்ல ஃபர்ம்வேர், அதாவது பெட்டிய நடத்துற ப்ரோக்ராம், எழுதறது நான். த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்ப வரும்னு நடுராத்திரி முழிச்சிருந்து, டார்ச் அடிச்சுட்டு வரப்புல நடந்து போய் சுவிட்ச் போட்ட எங்கப்பிச்சிய பாத்து வளந்தவன், அதனால இந்த வேலை எனக்கு ரொம்ப பிடிக்கும்.

பெட்டியோட முக்கியமான வேலை ட்ரை ரன்னை தடுக்கறது. போர்ல தண்ணி தீந்துடுச்சுன்னா மோட்டார் சும்மா சுத்தும், லோடு இல்லாததால இழுக்குற ஆம்ஸ் குறையும், கரண்ட்டை அளக்குற சிடி காயில் அதை பாத்து சொல்லும், நாங்க கான்டாக்டரை, அதாவது மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்சை, ஆஃப் பண்ணிருவோம். அப்புறம் தண்ணி ஊறுறதுக்கு அரை மணி நேரம் விட்டு மறுபடி ஆன் பண்ணணும். சப்மெர்சிபிள் மோட்டாருக்கு சுத்தி ஓடுற தண்ணிதான் சூட்டை எடுக்கும், ஸ்டார்ட் ஆகறப்ப வேற ஆம்ஸ் பல மடங்கு ஏறும், தண்ணியும் இல்லாம அடுத்தடுத்து ஸ்டார்ட் பண்ணுனா மோட்டாருக்குள்ள சுத்தியிருக்குற கம்பி, வைண்டிங், தாங்காது. அந்த அரை மணி நேரத்தை எண்ணுறது நான் எழுதுன ப்ரோக்ராம் கோடு.

அன்னைக்கே பஸ் ஏறி பல்லடம் தாண்டி போனேன். தொள்ளாயிரம் அடி போர், மோட்டார் எடுக்குறவங்க வந்து பைப்பை ஒண்ணொண்ணா தூக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல வாடுன தக்காளி. அந்த ஐயா என்னைய பாத்ததும் "வாங்க கண்ணு, மொதல்ல மோர் குடிங்"ன்னாரு. போர்டை கழட்டி பாத்தா ரிலே நல்லா இருக்கு, சிடி நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியாம அவரோட பட்டன் போனை வாங்கி எங்க பெட்டி அனுப்புன மெசேஜை எல்லாம் மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சேன், நல்ல வேளை மனுஷன் ஒண்ணையும் அழிக்கல. மத்த நாளெல்லாம் ட்ரை ரன் ஆஃப், சரியா அரை மணி கழிச்சு ஆன். எரிஞ்ச அன்னைக்கு மட்டும் காலையில 8:46ல இருந்து 9:07 வரைக்கும் ட்ரை ரன் ஆஃப்னு 17 மெசேஜ், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். வரண்டு போன போர்ல அரை மணி காத்திருக்காம திரும்ப திரும்ப ஆன் ஆகியிருக்கு.

அங்கயே திண்ணைல உக்காந்து முதல் மெசேஜை தேடுனேன், பெட்டிக்கு உசுரு வந்தது சாயங்காலம் 4:10. நாளை எண்ணுனேன். 49 நாள் முடிஞ்சு அம்பதாவது நாள் காலை. வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

சிப்புக்குள்ள ஒரு 32 பிட் கவுண்டர் மில்லி செகண்டை எண்ணிட்டே இருக்கும். அதுல 4,294,967,296 வரைக்கும்தான் இடம், அதாவது 49 நாள் 17 மணி 2 நிமிஷம் 47 செகண்ட், அதுக்கப்புறம் மறுபடி பூஜ்யம். 4:10ல இருந்து கணக்கு போட்டா சரியா காலை 9:12. நான் என்ன எழுதியிருந்தேன்னா, இப்போதைய நேரத்தோட அரை மணியை கூட்டி வெச்சுக்கோ, கவுண்டர் அதை தாண்டுனா ஆன் பண்ணு. 8:46க்கு அரை மணியை கூட்டுனா 32 பிட்டுக்குள்ள அடங்காம சுருண்டு சின்ன நம்பர் ஆயிடும், கவுண்டர் ஏற்கனவே அதை விட பெருசு, உடனே ஆன். இப்போதைய நேரத்துல இருந்து ஆஃப் ஆன நேரத்தை கழிச்சு, அது அரை மணி ஆச்சான்னு பாத்திருந்தா சுருண்டாலும் கணக்கு தப்பாது. ஒரே ஒரு வரி.

இது புது தப்பும் இல்ல. விண்டோஸ் 95 இதே 49 நாள்ல நின்னு போகும். போயிங் 787ல ஜெனரேட்டர் கண்ட்ரோல் யூனிட்டை 248 நாள் தொடர்ந்து கரண்ட்லயே வெச்சிருந்தா கவுண்டர் நிரம்பி நின்னுரும்னு 2015ல அமெரிக்க விமான துறை உத்தரவே போட்டாங்க. இதெல்லாம் நான் படிச்சவன்தான். ஆனா என் டேபிள்ல எந்த போர்டும் தொடர்ந்து நாலு நாள் ஓடுனதில்ல, தெனமும் புது ஃபர்ம்வேர் ஏத்துவேன், கவுண்டர் பூஜ்யத்துக்கு போயிரும். தோட்டத்துல பேட்டரி பேக்கப் இருக்கறதால கரண்ட் போனாலும் அது நிக்கவே நிக்காது.

லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல கவுண்டரை வேணும்னே பூட் ஆகி அஞ்சு நிமிஷத்துல சுருளுற மாதிரிதான் ஆரம்பிப்பாங்க, தப்பு இருந்தா அப்பவே தெரியட்டும்னு. இப்ப நானும் அப்படித்தான் ஆரம்பிக்கறேன், எங்க போர்டு எல்லாமே ஆன் ஆன அஞ்சாவது நிமிஷம் ஒரு தடவ சுருண்டு எந்திரிக்கும்.

அந்த ஐயாகிட்ட தப்பு என் கோடுலதானுங்கன்னு நேராவே சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, "அப்ப மத்தவங்க தோட்டத்துலயும் இப்படி ஆகுமுங்களா"ன்னு கேட்டாரு. ரீவைண்டிங் செலவை கம்பெனி குடுத்துச்சு. தக்காளி போனது போனதுதான், அதை எங்களால குடுக்க முடியல.

அப்ப வெளிய 63 பெட்டி இருந்துச்சு, தூரத்துல இருந்து ஃபர்ம்வேர் மாத்துற வசதி அதுல கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி, கரண்ட் இல்லாதப்ப பேட்டரி ஒயரை ஒருக்கா கழட்டி மாட்டுங்க, மாசம் ஒருக்கா மறக்காம பண்ணுங்கன்னு சொன்னேன், அப்புறம் லேப்டாப்பை தூக்கிட்டு லீவு நாளெல்லாம் தோட்டம் தோட்டமா போய் மாத்திட்டு இருக்கேன். இன்னும் நாலு பாக்கி. ஒண்ணு மூலனூர் பக்கம், ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன்னு சொல்லியிருக்கேன், அதோட கவுண்டருக்கு இன்னும் 11 நாள் இருக்கு.